உண்ணிக் கடியும் காய்ச்சலும் – கண்டுபிடித்த கதை



சாயங்காலம் மாட்டைத் தொழுவத்தில் கட்டியதும் நம் கை தன்னாலே அதன் காது மடலுக்கும், அலைதாடிக்கும், மடிக்கும் போகும். கொட்டைமுத்து மாதிரி உப்பியிருக்கிற உண்ணியைப் பிடுங்குவோம். கல்லில் வைத்துத் தேய்ப்போம். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவோம். உண்ணி நமக்கு அவ்வளவு பழக்கம்.

பத்து நாள் கழித்து வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். "எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்கிறார் டாக்டர். "மூணு நாளா இருக்குங்க." "தலைவலி?" "மண்டையைப் பிளக்குதுங்க." அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. விறகுக்குக் காட்டுக்குப் போனதையும் உண்ணி கடித்ததையும் நாம் சொல்வதில்லை. அவருக்கும் கேட்க நேரம் இருப்பதில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையில்தான் சில சமயம் ஓர் உயிரே இருக்கிறது.

உண்ணிக்கும் நோய்க்கும் சம்பந்தம் உண்டு என்பது இன்றைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. ஆனால் அதை நிரூபிக்க எத்தனை வருஷம் ஆயிற்று, யார் முதலில் சொன்னார்கள், யார் கேட்டார்கள், யார் சிரித்தார்கள் என்ற கதை பலருக்குத் தெரியாது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அது ஒரு மாட்டு நோயில் ஆரம்பிக்கிறது.

துப்பாக்கியோடு நின்ற விவசாயிகள்

அமெரிக்காவின் தெற்கே டெக்ஸாஸ் என்று ஒரு மாகாணம். அங்கே நீண்ட கொம்புள்ள மாடுகள் ஏராளம். நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வியாபாரிகள் இந்த மாடுகளை மந்தை மந்தையாக வடக்கே ஓட்டிக்கொண்டு போய் விற்பார்கள். தெற்கத்தி மாடுகள் பார்க்க நன்றாகவே இருக்கும். மேயும், அசைபோடும், ஒரு குறையும் தெரியாது. ஆனால் அவை போன வழியில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் மட்டும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துச் சுருண்டு விழும். கடுமையான காய்ச்சல். மூத்திரம் ரத்தமாகப் போகும். சில நாளில் செத்துவிடும். அறுத்துப் பார்த்தால் மண்ணீரல் இரண்டு மூன்று பங்கு வீங்கியிருக்கும்.

கான்ஸாஸ், மிஸௌரி மாகாணத்து விவசாயிகள் பார்த்தார்கள். காரணம் தெரியாவிட்டாலும் கணக்குத் தெரிந்தது: டெக்ஸாஸ் மந்தை வந்தால் நம்ம மாடு சாகும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எல்லையில் நின்று மந்தைகளைத் திருப்பி அனுப்பினார்கள். 1868-ம் ஆண்டில் மந்தைகள் இல்லினாய் மாகாணத்துக்குள் போனபோது அங்கே ஆயிரக்கணக்கில் மாடுகள் மடிந்தன.

அப்போதே மாடு வளர்ப்பவர்களில் பலர் சொன்னார்கள்: "டெக்ஸாஸ் மாட்டு உடம்பிலே உண்ணி இருக்கு. அது தரையிலே விழுது. அதனாலதான் இந்த நோய்." கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்த வருஷம் இங்கிலாந்திலிருந்து வந்து ஆராய்ந்த ஜான் காம்ஜி என்ற பெயர்பெற்ற மிருக வைத்தியர், உண்ணிப் பேச்சு அர்த்தமில்லாதது என்று ஒதுக்கிவிட்டார். அவர் படித்தவர்தான். ஆனால் உண்ணி மேல் அவர் ஒரு பரீட்சையும் நடத்தவில்லை.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். விவசாயிகள் எல்லாரும் உண்ணி என்றே சொல்லவில்லை. டெக்ஸாஸ் மாட்டின் எச்சில் விஷம் என்றார்கள் சிலர். சாணம் என்றார்கள் சிலர். மூச்சுக் காற்று என்றும், அது தின்ற ஏதோ விஷப் புல் என்றும் பேச்சு இருந்தது. ஊர்ப் பேச்சு என்றால் அப்படித்தான். அதில் நெல்லும் இருக்கும், பதரும் இருக்கும். எது நெல் என்று எப்படிப் பிரிப்பது? தூற்றித்தான் பார்க்க வேண்டும்.

மூன்று வயல், ஒரு பரீட்சை

தூற்றிப் பார்த்தவர்கள் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன், குர்டிஸ் ஆகிய மூவர். மூவரும் அமெரிக்க அரசாங்கத்தின் கால்நடை இலாகாவில் வேலை பார்த்தவர்கள். 1889-ம் ஆண்டு வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள பண்ணையில் பரீட்சையை ஆரம்பித்தார்கள். அதை நம் ஊர் வயல் மாதிரி நினைத்துப் பாருங்கள்.

முதல் வயலில் தெற்கத்தி மாடுகளை உண்ணியோடு விட்டு, கூடவே வடக்கத்தி மாடுகளையும் விட்டார்கள். இரண்டாவது வயலிலும் தெற்கத்தி மாடுகள்தான். ஆனால் உடம்பிலுள்ள உண்ணி அத்தனையையும் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, வடக்கத்தி மாடுகளோடு சேர்த்து விட்டார்கள். மூன்றாவது வயலில் தெற்கத்தி மாடே கிடையாது. உண்ணியை மட்டும் புல்லில் தூவி, வடக்கத்தி மாடுகளை மேய விட்டார்கள்.

முதல் வயலில் வடக்கத்தி மாடுகளுக்கு நோய் வந்தது. இரண்டாவது வயலில் எச்சில், சாணம், மூச்சு எல்லாம் இருந்தும் நோய் வரவில்லை. மூன்றாவது வயலில், நோய் கொண்டுவந்ததாகச் சொன்ன மாடே இல்லாமல், உண்ணி மட்டும் இருந்து நோய் வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் அவர்கள் அவசரப்படவில்லை. நான்கு கோடைக்காலம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, 1893-ம் ஆண்டில்தான் புத்தகமாக வெளியிட்டார்கள்.

ஸ்மித் இன்னொன்றும் செய்தார். நோய்ப்பட்ட மாட்டின் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுவுக்குள்ளே பேரிக்காய் மாதிரி இரண்டு இரண்டாகச் சின்னஞ்சிறு கிருமிகள் இருந்தன. அவை சிவப்பணுவை உடைப்பதால்தான் மூத்திரம் சிவக்கிறது. பேபீஸியா என்று இன்று சொல்லும் கிருமி இதுதான். இன்றைக்கும் நம் கால்நடை டாக்டர் மாட்டின் காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தகட்டில் தடவிப் பார்க்கிறார் அல்லவா? அது அன்று ஸ்மித் போட்ட பாதை.

மாடு மேய்த்தவர்களைக் குழப்பிய ஒரு முடிச்சும் இதில் அவிழ்ந்தது. டெக்ஸாஸ் மாடு போய் ஒரு மாதம் கழித்து ஏன் நோய் வருகிறது? ரத்தம் குடித்த பெண் உண்ணி தரையில் விழுந்து முட்டையிடும். குஞ்சு பொரிக்கச் சில வாரம் ஆகும். தாயின் உடம்பிலிருந்த கிருமி முட்டை வழியாகக் குஞ்சுக்கு வந்திருக்கும். அந்தக் குஞ்சு ஏறிய மாட்டுக்குத்தான் நோய். 1890-ல் ஸ்மித் தட்டில் பொரிக்க வைத்த உண்ணிக் குஞ்சுகளை ஒரு நல்ல மாட்டின் மேல் விட்டு, காய்ச்சல் வருவதைக் கண்ணால் பார்த்தார். தெற்கத்தி மாடு மட்டும் ஏன் நன்றாயிருக்கிறது என்றால், கன்றாக இருக்கும்போதே லேசாக நோய் கண்டு, அதன் உடம்பு பழகிப் போயிருக்கும்.

கடிக்கிற ஒரு சிறு ஜீவன் நோயைச் சுமக்கிறது என்று இவ்வளவு தெளிவாகப் பரீட்சை செய்து காட்டிய ஆரம்ப கால வேலைகளில் இது ஒன்று. இதற்கு நாலு வருஷம் கழித்து, 1897-ல், நம் தேசத்தில் சிகந்தராபாத்தில் வைத்து ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். 1906-ல் அமெரிக்காவில் மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்து உண்ணியை ஒழிக்கிற வேலை ஆரம்பமாயிற்று. 1943-க்குள், மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய ஒரு பட்டையைத் தவிர, நாட்டின் மற்ற பாகங்களில் அந்த உண்ணி ஒழிந்தது.

ஊர் சொன்னது தப்பானபோது

மாட்டுக்குச் சரி, மனுஷனுக்கு? அதே அமெரிக்காவில், வடமேற்கே மான்டானா என்ற மலைநாடு. அங்கே பிட்டர்ரூட் என்று ஒரு பள்ளத்தாக்கு. வசந்த காலத்தில் பனி உருகும்போது அங்கே ஒரு காய்ச்சல் வரும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் செம்புள்ளிகள் ஆரம்பித்து உடம்பெல்லாம் பரவும். பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கத்தில் நோய் கண்டவர்களில் பாதிக்கு மேல் செத்துப் போனார்கள்.

பனி உருகிய தண்ணீரைக் குடிப்பதால் வருகிறது என்று அங்குள்ள ஜனங்கள் நம்பினார்கள். பனி உருகுகிற சமயத்தில்தான் நோய் வருகிறது என்று அவர்கள் கண்டது சரி. காரணம் மட்டும் தப்பு. பனி உருகும் அதே சமயத்தில்தான் காட்டு உண்ணியும் வெளியே வரும்.

1902-ல் வில்ஸன், சௌனிங் என்ற இரண்டு டாக்டர்கள் உண்ணியாக இருக்கலாம் என்று எழுதினார்கள். பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. 1906-ல் ஹோவர்டு ரிக்கெட்ஸ் என்ற டாக்டர் அங்கே போனார். நோய்ப்பட்ட கினிப்பன்றியைக் கடித்த உண்ணியை எடுத்து, நல்ல கினிப்பன்றியைக் கடிக்க விட்டார். அதற்கும் அதே காய்ச்சல் வந்தது. சந்தேகம் தீர்ந்தது. இந்த இனத்துக் கிருமிகளுக்கு இன்று ரிக்கெட்ஸியா என்று அவர் பேரையே வைத்திருக்கிறார்கள். மெக்ஸிகோ நகரத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த டைபஸ் காய்ச்சலை ஆராயப் போன இடத்தில், அதே காய்ச்சல் கண்டு 1910-ல் அவர் இறந்துபோனார்.

டெக்ஸாஸ் விஷயத்தில் ஊர் சொன்னது சரி. பிட்டர்ரூட்டில் ஊர் சொன்னது பாதி சரி. இரண்டிலும், ஊர் கண்டதைக் காது கொடுத்துக் கேட்டு, பிறகு சோதித்துப் பார்த்தவரே நோயைக் கண்டுபிடித்தார்.

குரங்கு செத்த காடு

இனி நம் பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். அப்போது அதற்கு மைசூர் ராஜ்யம் என்று பெயர். ஷிமோகா ஜில்லாவில் சொரபா தாலுகா. மலைநாடு. நெல் வயலும் பாக்குத் தோட்டமும், அதை ஒட்டிக் காடும். ஜனங்கள் மாடு மேய்க்கக் காட்டுக்குப் போவார்கள். விறகு பொறுக்கப் போவார்கள். பாக்குமரத்து அடியில் போடத் தழை ஒடிக்கப் போவார்கள். காடு அவர்களுக்குக் கொல்லைப்புறம்.

1957-ம் ஆண்டு ஆரம்ப மாதங்களில் அந்தக் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. நாட்டுக் குரங்கும் செத்தது, முகம் கறுத்த மந்தியும் செத்தது. அதே சமயத்தில் காட்டுக்குப் போய் வந்தவர்களுக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. திடீரென்று குளிரோடு காய்ச்சல். மண்டையைப் பிளக்கும் தலைவலி. இடுப்பும் கெண்டைக்காலும் முறித்துப் போட்ட மாதிரி வலி. கண் சிவக்கும். சிலருக்கு மூக்கிலும் பல் ஈறிலும் ரத்தம் கசியும். முந்தின வருஷமே சில ஊர்களில் இந்தக் காய்ச்சல் தலைகாட்டியிருந்தது என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அப்போது அதை டைபாய்டு வகை என்று நினைத்துவிட்டார்கள். காய்ச்சலை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் கிராமத்து ஜனங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். குரங்கு சாகிறது, அந்தப் பக்கம் போனவன் படுக்கிறான். அதற்கு அவர்களே ஒரு பேரும் வைத்தார்கள்: 'மங்கன காயிலெ'. கன்னடத்தில் மங்க என்றால் குரங்கு. குரங்கு நோய் என்று அர்த்தம்.

குரங்கு சாகிற சேதி பூனாவில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்துக்கு எட்டியது. 1952-ல் ஏற்பட்ட நிலையம் அது. அங்கே இருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகளைக் கொன்று மனிதனையும் கொல்லுகிற மஞ்சள் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. அது நம் தேசத்துக்கு வந்ததே இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு இங்கே ஏராளம். அது வந்துவிட்டதோ என்ற பயத்தில் டாக்டர் டெல்போர்டு வொர்க் முதலானவர்கள் 1957 மார்ச்சிலேயே ஷிமோகா காட்டுக்கு ஓடினார்கள்.

செத்த குரங்கின் உறுப்புகளையும் நோயாளிகளின் ரத்தத்தையும் எடுத்து, சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தி வைரஸைப் பிரித்தார்கள். பிரித்ததை, ஏற்கெனவே தெரிந்த வைரஸ்களோடு ஒப்பிட்டார்கள். மஞ்சள் காய்ச்சல் இல்லை. வடக்கே ரஷ்யக் காடுகளில் வருகிற ஒரு மூளைக் காய்ச்சல் வைரஸின் பங்காளியாக இருந்தது. அந்த ரஷ்ய நோயை 1937-ல் லெவ் ஸில்பர் தலைமையில் போன குழு ஆராய்ந்து, உண்ணியால் வருவது என்று கண்டுபிடித்திருந்தது. பங்காளிக்கு உண்ணி என்றால் இதற்கும் உண்ணிதானே இருக்க வேண்டும்?

யூகம் போதாது என்று காட்டுத் தரையில் துணியை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். துணியில் ஒட்டிய உண்ணிகளைப் பொறுக்கி இனம் பிரித்துச் சோதித்தார்கள். உண்ணிக்குள்ளேயும் அதே வைரஸ். குரங்கு செத்த காட்டின் பேரையே நோய்க்கு வைத்தார்கள் – க்யாசனூர் வனக் காய்ச்சல். ஆராய்ச்சி செய்தவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. சோதனைச்சாலை ஊழியர்கள் பலருக்கு இதே காய்ச்சல் கண்டது.

உண்ணியின் கணக்கு

இந்தக் காட்டு உண்ணி டெக்ஸாஸ் உண்ணி மாதிரி ஒரே மாட்டிலேயே வாழ்கிறது இல்லை. குஞ்சாக இருக்கும்போது ஒரு பிராணி, இளம் உண்ணியாக இருக்கும்போது வேறொரு பிராணி, வளர்ந்த பிறகு இன்னொன்று என்று மூன்று இடத்தில் ரத்தம் குடிக்கும். சின்ன வயசில் எலி, பறவை, குரங்கு. பெரிதானபின் மாடு போன்ற பெரிய பிராணி. இடையில் உள்ள இளம் உண்ணிதான் மனிதனை அதிகம் கடிப்பது. அது கசகசா அளவுதான் இருக்கும். மழை விட்டு, மார்கழி வாக்கில் தொடங்கி வைகாசி வரைக்கும் அது காட்டில் நிறைந்திருக்கும். காய்ச்சலும் அந்த மாதங்களில்தான் வரும்.

ஆகையால், "என்னை உண்ணியே கடிக்கலையே" என்று சொல்லுகிற நோயாளி பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குப் பட்டிருக்காது, அவ்வளவுதான். அவரிடம் "உண்ணி கடிச்சுதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "கடந்த பத்து நாளில் காட்டுக்குப் போனீங்களா? அந்தப் பக்கம் குரங்கு ஏதாவது செத்துக் கிடந்துதா?" என்று கேட்க வேண்டும்.

மாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வைரஸ் மாட்டைப் படுக்கப் போடுவதில்லை. ஆனால் காட்டில் மேய்கிற மாடு பெரிய உண்ணிகளுக்குச் சாப்பாடு போடுகிறது. அதனால் உண்ணி பெருகுகிறது. காட்டை வெட்டித் திருத்தப் போகிற இடத்திலும் மனிதனும் உண்ணியும் ஒருவருக்கொருவர் நெருங்கி வருகிறார்கள். 1983-ல் தென் கன்னட மாவட்டத்தில், பெல்தங்கடி தாலுகாவில், முந்திரித் தோட்டம் போடக் காட்டை வெட்டிய பிறகு நோய் வெடித்தது. அந்த வருஷம் 1,500 பேருக்கு மேல் படுத்தார்கள். 150 பேர் அளவில் இறந்தார்கள்.

நோய் ஷிமோகாவோடு நிற்கவும் இல்லை. 2012 கடைசியில் பந்திப்பூர்க் காட்டில் குரங்குகள் செத்தன. அவற்றைக் கையாண்ட வன ஊழியர்களுக்குக் காய்ச்சல் வந்தது. அதை ஒட்டி நம் நீலகிரியிலும், கேரளத்து வயநாட்டிலும் இந்த வைரஸ் இருப்பது தெரிந்தது. பிறகு கோவாவிலும் மகாராஷ்டிரத்திலும் கண்டார்கள். மேற்குமலைத் தொடரில் காட்டோடு உறவுள்ள எந்த ஊரும் இதைத் தன் விஷயமாகத்தான் நினைக்க வேண்டும். முன்பு கர்நாடகத்தில் ஒரு தடுப்பூசி போட்டு வந்தார்கள். அது போதிய பலன் தராததால் நிறுத்திவிட்டார்கள்.

காய்ச்சல் வந்த தேதி ஏன் முக்கியம்?

அந்தக் காலத்தில் சுண்டெலியை வைத்து நோய் கண்டுபிடிக்க நாள் கணக்காகக் காத்திருக்க வேண்டும். இன்று அப்படியில்லை. ஆனால் இன்றைய பரிசோதனைக்கும் ஒரு காலக் கணக்கு உண்டு. காய்ச்சல் வந்த முதல் சில நாள் வைரஸே ரத்தத்தில் இருக்கும். அப்போது வைரஸைத் தேடுகிற பரிசோதனை செய்ய வேண்டும். பிறகு நம் உடம்பு அதை எதிர்க்க ஒரு சத்தை உண்டாக்கும். அதைத் தேடுகிற பரிசோதனை ஐந்தாறு நாள் கழித்துத்தான் சரியாகக் காட்டும். இரண்டாம் நாளிலேயே அதைச் செய்துவிட்டு "ஒண்ணும் இல்லை" என்று வந்தால், நோய் இல்லை என்று அர்த்தமாகாது. அதனால்தான் காய்ச்சல் தொடங்கிய தேதியைச் சரியாகச் சொல்லுங்கள் என்கிறேன். "நாலஞ்சு நாளா" என்பதைவிட, "போன செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போய் வந்த ராத்திரி" என்பது டாக்டருக்கு எத்தனையோ மேல்.

பீடி சுட்ட மாதிரி ஒரு பொருக்கு

தமிழ்நாட்டில் உண்ணிக்காய்ச்சல் என்று அதிகம் பேசப்படுவது வேறொன்று. டாக்டர்கள் அதை ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். அதைத் தருவது மாட்டு உண்ணி இல்லை. உண்ணிக்கு உறவான, கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. புதர், வரப்பு, புல்வெளியில் இருக்கும். மழைக்காலத்திலும் அதை ஒட்டி வரும் குளிர் மாதங்களிலும் இந்தக் காய்ச்சல் அதிகம். கிருமி, ரிக்கெட்ஸ் பேரைச் சொன்னேனே, அந்தக் குடும்பம்.

இந்தக் காய்ச்சலையும் டைபாய்டு, டெங்கு, மலேரியா என்று மயங்குவது சுலபம். டைபாய்டுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பல மருந்துகள் இதற்குக் கேட்பதில்லை. நாள் கடந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். காலத்தில் கண்டுபிடித்தால், விலை குறைந்த மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது.

முதல் உலக யுத்த காலத்தில், 1916-ல், வெய்ல், ஃபெலிக்ஸ் என்ற இருவர் டைபஸ் காய்ச்சலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை கண்டுபிடித்தார்கள். நோயாளியின் ரத்தநீரில் வேறொரு சாதாரணக் கிருமியைக் கலந்தால், அது திரிந்த பால் மாதிரி கட்டிக்கொள்ளும். அவ்வளவு துல்லியம் கிடையாது. ஆனாலும் செலவு குறைவு என்பதால் நம் ஆஸ்பத்திரிகளில் வெகுகாலம் அதுதான் ஓடியது. இப்போது அதைவிட நல்ல பரிசோதனைகள் இருக்கின்றன.

ஆனால் எந்தக் கருவியும் இல்லாமல், கண்ணாலேயே காணக்கூடிய ஒரு அடையாளம் பலருக்கு இருக்கும். கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு. பீடி நெருப்புச் சுட்ட மாதிரி இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. இருக்கிற இடமோ மறைவான இடம். அக்குள், தொடையிடுக்கு, அரைஞாண் கட்டும் இடம், பெண்களுக்கு மார்புக்கு அடியில், புடவை இறுக்கும் இடுப்பில்.

இதில்தான் நம் வீட்டுப் பெண்களுக்குக் கஷ்டம். களையெடுக்கப் போவதும், புல்லறுக்கப் போவதும் அவர்கள். காய்ச்சல் வந்தால் டாக்டர் நாக்கைப் பார்ப்பார், நாடியைப் பார்ப்பார். உடம்பைக் காட்ட அவர்களுக்குக் கூச்சம். கேட்க அவருக்கும் தயக்கம். பொருக்கு புடவைக்குள்ளேயே மறைந்து போகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. வீட்டிலேயே தாயோ மகளோ விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடம் சொன்னால் மறைவாகப் பார்ப்பார்கள். ஆண்பிள்ளைகளும் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொருக்கு இல்லாவிட்டால் இந்த நோய் இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. பலருக்கு இருக்கும், எல்லாருக்கும் இருக்காது.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

இத்தனை கதையும் எதற்குச் சொன்னேன்? காய்ச்சலோடு டாக்டரிடம் போனால் ஐந்து விஷயத்தை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது? அதற்கு முந்தின இரண்டு மூன்று வாரத்தில் காடு, புதர், மேய்ச்சல் தரை எங்கெங்கே போனீர்கள்? உடம்பில் உண்ணி இருந்ததா, அல்லது மாட்டிலிருந்து கையால் எடுத்தீர்களா? பொருக்கோ புள்ளியோ எங்காவது இருக்கிறதா? அந்த வட்டாரத்தில் குரங்கு செத்ததா, வேறு யாருக்காவது இதே மாதிரி காய்ச்சல் இருக்கிறதா?

உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், பீடியால் சுடாதீர்கள். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெதுவாக இழுத்து எடுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எடுத்த உண்ணியை ஒரு சின்ன சீசாவில் போட்டு மூடித் தேதி எழுதி வையுங்கள். காய்ச்சல் வந்தால் அதுவே சாட்சி சொல்லும். மாட்டு உண்ணியையும் வெறுங்கையால் நசுக்க வேண்டாம். இதைத்தான் நாம் எல்லோரும் செய்துகொண்டிருக்கிறோம். மாட்டுக்குக் காய்ச்சலடித்து மூத்திரம் சிவந்தால் காத்திராமல் கால்நடை டாக்டரை அழையுங்கள். அவருக்கும் சமீபத்தில் மாட்டில் உண்ணி இருந்ததா, வெளியூரிலிருந்து மாடு வாங்கி வந்தீர்களா என்பதைச் சொல்லுங்கள். காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். சிறுவர்களையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். வன இலாகாவுக்கோ சுகாதார நிலையத்துக்கோ அன்றைக்கே சேதி சொல்லுங்கள்.

மாடு வளர்த்தவர்கள் உண்ணியைப் பற்றிச் சொன்னதை இருபது வருஷம் யாரும் சோதிக்கவில்லை. அதற்குள் எத்தனையோ மாடு செத்தது. க்யாசனூர் காட்டு ஜனங்கள் குரங்கு சாவதைச் சொன்னார்கள், சில வாரத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் காட்டுக்கு வந்தார்கள். சொல்ல வேண்டியது நம் கடமை. சோதித்துப் பார்க்க வேண்டியது அவர்கள் கடமை. நம் பங்கை நாம் விடாமல் செய்வோம்.